பசியாறியாச்சா?

கப்பல் பினாங்கில் சாயங்காலம்வரை நிற்கும் என்றார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் போய்ப் பேருந்தில் ஏற, வேதவல்லி மட்டும் தனியாக நடந்தாள். இறந்துபோன அவளுடைய கணவர் தணிகாசலம் பிறந்து வளர்ந்த ஊர் இது. வாலிபத்தில் சேலத்துக்கு வந்து அவளைக் கட்டிக்கொண்டவர், காலையில் அவள் முகத்தைப் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்பார். "சாப்டாச்சான்னு கேளுங்க. பஞ்சத்துல அடிபட்டு வந்தவகிட்ட கேக்கற மாதிரி இருக்கு" என்று அவள் சிடுசிடுப்பாள். அவளுடைய அண்ணன்மார் அந்தச் சொல்லையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்துச் சிரித்தார்கள். எந்த வருஷத்தில் அவர் "சாப்டாச்சா"வுக்கு மாறினார் என்று அவளுக்கு நினைவில்லை.

அவர் சொல்லியிருந்த தெருவை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள். வீடு இருந்த இடத்தில் ஒரு நகைக்கடை பெரிய கண்ணாடி போட்டு நின்றது. அதில் தெரிந்த தன் முகத்தைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை. துறைமுகத்துக்கே போய்விடலாம் என்று திரும்பியபோது, பூக்கடையில் சரம் தொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. பசியாறியாச்சா?"

தெருவில் போகிற யாரிடமும் கேட்பதுபோல, வெகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

வேதவல்லி நின்றுவிட்டாள். கப்பலில் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாள். அவர் கேட்டதும் காதில் தெளிவாகவே விழுந்திருந்தது. இருந்தும் இன்னும் ஓரடி கிட்டே போய், "என்னங்க?" என்றாள்.