பத்தொன்பதாம் எண் நின்ற இடம்

"கொடி! கொடி! பத்தொன்பதை நிறுத்து, சென்சி!"

வாக்கி டாக்கியில் நடுவர் ஹார்ட்விக் கத்தி முடிப்பதற்குள் மஞ்சள் கொடியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிவிட்டேன்.

எனக்குக் கீழே, வளைவுக்கு அப்பால், பதினெட்டாம் எண் இத்தாலிக்காரன் விழுந்து பாதுகாப்பு வலைக்குள் சுருண்டு கிடந்தான். அவனைப் பிரித்தெடுக்க நான்கு பேர் பனிச்சறுக்கு ஓடுபாதையின் நடுவிலேயே நின்றார்கள்.

எனக்கு மேலே, காட்டைக் கிழித்துக்கொண்டு பத்தொன்பதாம் எண் வந்துகொண்டிருந்தான். சுவிஸ்காரன். பெயர் ஃப்ளூரின்.

பாதி மலையில் அவன் காசியனைவிட அரை வினாடி முன்னால் இருப்பதாக ஒலிபெருக்கி அப்போதுதான் சொல்லியிருந்தது.

காசியன் எங்கள் ஊர்க்காரன். ஏழாம் எண்ணில் இறங்கியவன். அதுவரைக்கும் அவனுக்குத்தான் முதலிடம். கீழே, முதலிடக்காரனுக்கென்று போட்டிருக்கும் நாற்காலியில் அரை மணி நேரமாக உட்கார்ந்திருந்தான்.

ஃப்ளூரின் கொடியைப் பார்த்தான். தலையை நிமிர்த்தினான். காலில் மாட்டியிருந்த இரண்டு சறுக்குக் கட்டைகளையும் குறுக்கே திருப்பினான். பனி ஆள் உயரத்துக்குப் பறந்தது.

பஸ்ஸைவிட வேகமாக வருகிறவன் சட்டென்று நின்றுவிட முடியாது. என்னைத் தாண்டி எண்பதடி சறுக்கிப் போய்த்தான் நின்றான்.

நின்றதும் ஆரம்பித்தான்.

"ஏம்மா கொடிக்காரி, உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? ஜெயிக்கிறவனைப் போய் நிறுத்துறியே!"

ஆயிரம் மீட்டருக்கு மேலே எங்கள் டிரோல் மலைகளில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான். ஆகவே ஒருமையில் பேசியது தப்பில்லை. மற்றதெல்லாம் தப்பு.

"கீழ எட்டிப் பாரு. அப்புறம் திட்டு," என்றேன்.

எட்டிப் பார்த்தான். நடுப்பாதையில் நின்றவர்களைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு என்னிடம் ஏறி வந்தான்.

இத்தாலிக்காரன் தானாகவே எழுந்து கையை ஆட்டியதும்தான் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.

"நான் முன்னாடிதானே இருந்தேன்?"

"அரை வினாடி."

"இது எங்க போய்ச் சொல்றது!"

பன்றிக்கறி வைத்த என் ரொட்டியில் பாதியைக் கொடுத்தேன். கடித்துவிட்டு, "உங்க டிரோல்காரங்க பன்றிக்கறியில ஏன் இவ்வளவு உப்பு போடுறீங்க?" என்றான். தின்று முடித்துவிட்டுத்தான் கேட்டான்.

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது.

"சென்சி, அவன் கொடியைப் பார்த்த உடனே நின்னானா? இல்ல, தாண்டி ஓடினானா?"

பார்த்ததும் நின்றவனுக்கு மறு ஓட்டம் உண்டு. தாண்டி ஓடினவனுக்கு அன்றைய பந்தயம் அதோடு சரி. கேமராக்கள் எல்லாம் விழுந்தவன் பக்கம் திரும்பியிருந்தன. ஃப்ளூரின் நின்றதைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

"கொடிக்குக் கீழ எண்பதடியில தடம் இருக்குங்கிறாங்க," என்றார் ஹார்ட்விக். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லு. சரியாத் தெரியலைன்னு சொன்னாலும் உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ஃப்ளூரின் கையிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டுவதை நிறுத்திவிட்டான். என்னையே பார்த்தான்.

சரியாகத் தெரியவில்லை. இரண்டே வார்த்தை. சொன்னால் இவனுக்கு மறு ஓட்டம் இல்லை. அதற்குப் பிறகு வருகிறவர்களில் காசியனைத் தொடக்கூடியவன் ஒருவனும் இல்லை. ஊர் முழுக்க இன்றைக்கே தங்கத்தைக் கொண்டாடும். ஆனால் அந்தத் தங்கம் காசியன் கழுத்தில் அல்ல, என் கொடிக்கம்பில்தான் தொங்கும்.

"பார்த்த உடனே நின்னான்," என்றேன். "அந்த வேகத்துக்கு எண்பதடின்னா, உடனேதான். எழுதிக்கோ."



"எழுதிக்கிட்டேன்," என்றார் ஹார்ட்விக்.

பனி வண்டி வந்து ஃப்ளூரினை மேலே ஏற்றிக்கொண்டு போனது. அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அடுத்து ஆறு பேர் இறங்கினார்கள். என் பொறுப்பில் இருந்த நான்கு ஜோடிக் கம்பங்களையும் சரியாகக் கடந்தார்களா என்று ஆறு பேருக்கும் அட்டையில் குறித்தேன். எழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

ஒரு முறை பாதி மலை இறங்கியவனுக்குத் தொடை இரண்டும் ஈயமாகிவிடும். இனி அவனால் முடியுமா?

ஒலிபெருக்கி சொன்னது: மறு ஓட்டம், பத்தொன்பதாம் எண், பாதி மலையில் காசியனைவிடப் பத்தில் இரண்டு வினாடி பின்தங்கல்.

காட்டை விட்டு வெளியே வந்தான். முட்டி மோவாயைத் தொடும்படி குனிந்திருந்தான். என் முதல் ஜோடிக் கம்பத்தை உரசினான். இரண்டாவதில் ஒரு கட்டை காற்றில் எழும்பியது.

"போடா!" என்று கத்தினேன். "போடா, போடா, படுத்துக்கிட்டே போ!"

கத்தியதோடு குதிக்கவும் செய்திருக்கிறேன் போல. தொப்பி எங்கோ பறந்துவிட்டது. வேலிக்கு வெளியே உற்சாகப்படுத்த மாட்டுமணி ஆட்டிக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள், எனக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று ஆட்டுவதையே நிறுத்திவிட்டார்கள்.

கீழே கூட்டம் ஆரவாரத்தில் வெடித்தது.

நூறில் நான்கு வினாடி வித்தியாசம். ஃப்ளூரின் முதலிடம்.

நான் பனியில் உட்கார்ந்து சிரித்தேன். அட்டையை எடுத்து, பத்தொன்பதாம் எண்ணுக்கு நேரே, நான்கும் சரி என்று குறித்தேன். இந்தத் தடவை எழுத்து நேராக வந்தது.

வாக்கி டாக்கியில் ஹார்ட்விக். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார்.

"சென்சி, நீ குதிச்சதை இங்க பெரிய திரையில போட்டுட்டாங்க. காசியன் நாற்காலியை விட்டு எழுந்து, சுவிஸ்காரனைக் கட்டிப்பிடிச்சுட்டு, நேரா என்கிட்ட வந்தான். 'என் அம்மா எந்த நாட்டுக்காரி'ன்னு கேக்குறான்."

"இன்னும் முப்பத்தோரு பேர் இறங்கணும்," என்றேன். "முடிச்சுட்டு வந்து சொல்றேன்னு என் பையன்கிட்ட சொல்லு."