கண்ணடிக்கும் பியட்

"மறுபடியும் கண்ணடிக்குதுய்யா!"

காரை விட்டு இறங்கும்போதே கத்தினார் பியட்காரர். கமால் பாதி குடித்த டீயைக் கீழே வைத்தான்.

மணவாள நகரில் கார் எலக்ட்ரீஷியன் கடை வைத்த ஆறு வருடத்தில், கமாலுக்கு ஆட்களைவிட வண்டிகளைத்தான் அதிகம் தெரியும். அம்பாசிடர்காரர், வேன்காரர் என்றுதான் எல்லாரையும் கூப்பிடுவான். இந்த வெள்ளை பியட்காரர் ஊருக்குப் புதுசு. ஒரே வாரத்தில் இது நாலாவது தடவை.

"இன்னா சார் சொல்றீங்க? முந்தாநேத்துதான பேட்டரி டெர்மினல சொரண்டி மாட்னேன்?"

"மாட்டினே. அதுக்கு முன்னாடி எர்த் ஒயரை மாத்தினே. அதுக்கும் முன்னாடி ரெண்டு பல்பையும் மாத்தினே. என்ன பிரயோஜனம்? நேத்து சாயங்காலம் செவ்வாப்பேட்டையிலேர்ந்து வர்றேன், ரெண்டு லைட்டும் படபடன்னு துடிக்குது. எதிரே வந்த மாட்டு வண்டி மேல ஏத்தியிருப்பேன்!"

"பகல்ல எப்டி சார்?"

"பகல்ல எவன்யா லைட் போடுவான்?"

கமாலுக்குச் சுருக்கென்றது. 'கமால் கை வச்சா லைட்டு ஆடாது' என்று கும்மிடிப்பூண்டி லாரிக்காரர்கள்வரை அவனுக்குப் பேர். பெட்ரோல் விலை ஏறி, ஊரில் பாதிக் கார்கள் ஷெட்டிலேயே தூங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. பேரும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"வுடுங்க சார். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்றேன்."

பானெட்டைத் திறந்தான். டைனமோ பெல்ட்டை அழுத்திப் பார்த்தான், இறுக்கமாகத்தான் இருந்தது. டைனமோவிலிருந்து பேட்டரிக்குக் கரண்ட் விடும் கட்-அவுட்டைக் கழற்றி, அதன் பாயின்ட்டுகளை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான். ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்து, லைட் சுவிட்சையே புதிதாக மாற்றினான். சட்டையெல்லாம் கிரீஸோடு அவன் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டான். எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. ஆணி அடித்த மாதிரி நின்றன.

"பாருங்க சார், எப்டி நிக்குது!"

"எங்கேய்யா நிக்குது? டான்ஸ் ஆடுது!"

கமால் தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தான். சந்தேகத்துக்குப் பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டான்.

"தேசப்பண்ணே, கொஞ்சம் வந்து பாரு. இந்த லைட்டு ஆடுதா?"

தேசப்பன் பாய்லர் மேடையை விட்டு இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துச் சுவரைப் பார்த்தார். "இன்னாத்துக்கு ஆடுது? அது பாட்டுக்கு செவனேன்னு கீது."

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு என்னை முட்டாளாக்கறீங்களா?" பியட்காரருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. "கண்ணெதிரே துடிக்குது, ஆடலேங்கறீங்க!"

கமால் லைட்டை அணைத்தான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான்.

"சார், அதோ டீக்கடை லைட்டு. அது எப்டி எரியுது?"

பியட்காரர் திரும்பிப் பார்த்தார். "அதுவும்தான் துடிக்குது. உங்க ஊர் கரண்ட் லட்சணம் அப்படி."

"அந்த நிலா?"

பனைமரங்களுக்குப் பின்னால் பௌர்ணமி நிலா தாம்பாளம்போல் எழும்பிக்கொண்டிருந்தது. பியட்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுவும் கொஞ்சம்..." என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"அதுக்கும் எர்த் ஒயர் மாத்திடு கமாலு," என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தேசப்பன் கடைக்குள் ஓடினார்.

கமால் டார்ச்சை எடுத்து, மெதுவாக பியட்காரர் முகத்துப் பக்கம் சாய்த்தான். இரண்டு இமைகளும் விளக்கில் விழுந்த ஈசலின் சிறகுபோலத் துடித்துக்கொண்டிருந்தன. கமாலுக்கு ஒரு வார பாரம் நெஞ்சை விட்டு இறங்கியது.

"கோச்சுக்காதீங்க சார். வண்டி சொக்கத் தங்கம். உங்க கண்ணு ரெப்பதான் துடிச்சிக்கினே கீது."

"எனக்கா? கண்ணிலேயா? யார்கிட்டே என்ன பேசறே நீ!"

குரல் ஏறிய வேகத்திலேயே இறங்கிவிட்டது. விரல் நுனியால் இமைகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கடை பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். கமாலுக்கே பாவமாகிவிட்டது. அருகில் போய்க் குந்திக்கொண்டான்.

"இதுக்குப் போயி பேஜாராவாதீங்க சார். நம்ம ரயிலடியாண்ட புதுசா ஒரு கண் டாக்டர் வந்துகீறாரு. என் தங்கச்சி ஹாஜிராதான் அம்மாவ இட்டுக்கினு போயி காட்டிட்டு வந்தா. தங்கமான மனுசராம், ஊசிமொன அளவுகூட கை தப்பாதாம். நாளைக்குக் காத்தால பத்து மணிக்கு எங்கம்மாவுக்குப் புரை எடுக்கப் போறாரு. நீங்களும் வாங்க, கையோட காட்டிடலாம்."

பியட்காரர் தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"பத்து மணிக்கு அம்மாவை அழைச்சுட்டு வராதேப்பா," என்றார் ஈனசுரத்தில். "அந்த டாக்டர் நான்தான்."