டிராக்டருக்கு மிரளாத மான்கள்

சோயா வயலில் மான் மேயும்போது மரத்தில் பதுங்கியிருக்கும் வேட்டைக்காரன் கீழே இறங்கக் கூடாது என்பது அமெரிக்காவின் விஸ்கான்சினில் சட்டத்தைவிடப் பெரிய சட்டம். மனிதனைக் கண்டு ஒருமுறை மிரண்ட மான் அந்த வருடம் முழுக்க அந்தப் பக்கம் தலைகாட்டாது. டிராக்டருக்கு மிரண்டால், பழைய வாடிக்கையாளர் மாதிரி மறுநாளே வந்துவிடும். அதனால் பொழுது சாய்ந்ததும் மான்களை விரட்டி, மரத்தில் வில்லோடு இருக்கும் டுவேனை இறக்கிவிட, அவன் மனைவியின் தம்பி ஆர்லோ டிராக்டரில் வருவான்.

அன்று டுவேன் விட்ட அம்பு கொம்புள்ள ஆண்மானின் கழுத்தைத் துளைத்தது. அது ரத்தம் பீச்சியடிக்கக் கால்களை உதறி அடங்கியது. பக்கத்தில் மேய்ந்த பெண்மான்கள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஆர்லோ வந்தான். விளக்கைப் போட்டான், ஹாரனை அலறவிட்டான். ஒன்றும் நகரவில்லை. மரத்தின் மேல் இருந்தவனுக்குப் போன் போட்டான்.

"என்ன மச்சான், உன் மானெல்லாம் செவிடா?"

"இறங்காத மாப்ள. வண்டியிலயே இரு."

"அட போ மச்சான். எங்க அக்காவுக்கே பயப்படாதவன், மானுக்கா பயப்படப் போறேன்?"

கையை வீசிக்கொண்டு இறங்கினான். மான்கள் அவனைச் சூழ்ந்தன. முதல் உதை முழங்காலில் விழுந்தது. அவன் சாய்ந்ததும், விலா எலும்புகள் நொறுங்கும் சத்தம் ஓயும்வரை குளம்புகள் மார்பில் ஏறி இறங்கின. டுவேன் மிச்சமிருந்த அம்புகளை எல்லாம் எய்தான். அத்தனையும் தைத்தன. தைத்த அம்புகளோடு அவை நின்றன.

பிறகு மரத்தைப் பார்த்தன. காற்றை முகர்ந்து, தங்கள் வாடை அவனுக்கு எட்டாதபடி காற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, சருகு நொறுங்காமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வந்தன; மேலே இருப்பவன் மிரண்டுவிடக் கூடாது என்பதுபோல.