மஞ்சள் படகின் ஒன்பதாவது ஓட்டம்

முடிவுக் கோட்டுக்கு இன்னும் இருநூறு மீட்டர். நீலப் படகு எங்கள் வலப்பக்கம், மூக்குக்கு மூக்கு சமமாக வந்துகொண்டிருந்தது.

என் விரல்கள் மரத்துப்போய் ஒரு மணி நேரமாகிறது. சுக்கான் கட்டை கையில் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

பக்கத்தில் என் கணவர். பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் கால் ஊன்றி, இருவரும் தண்ணீருக்கு மேலே மல்லாந்து தொங்கிக்கொண்டிருந்தோம். சுக்கான் என்னிடம், பெரிய பாயின் கயிறு அவரிடம். இந்த வகைப் படகில் வேலையை அப்படித்தான் பிரித்துக்கொள்வார்கள்.

தோளோடு தோள் இடித்தது. வீட்டில் அவ்வளவு பக்கத்தில் நின்று எட்டு மாதம் இருக்கும்.

சர்வதேசப் போட்டிக்கு எந்தப் படகை அனுப்புவது என்று முடிவு செய்யத்தான் ஒரு வாரமாக இந்தக் கூத்து. இரண்டு புது வகைப் படகுகள், மஞ்சளும் நீலமும். கடைசிவரை தாக்குப்பிடித்த ஜோடிகளும் இரண்டு. ஒன்று நாங்கள், இன்னொன்று ஓர் அக்காவும் தங்கையும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் படகை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவரின் கெட்டிக்காரத்தனம் படகின் பேரில் ஏறிவிடக் கூடாதாம்.

எட்டு ஓட்டம் முடிந்தபோது ஜோடிக்கு நாலு வெற்றி, படகுக்கும் நாலு. தேர்வுக் குழு தலையைச் சொறிந்துகொண்டது. ஒன்பதாவதுக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மஞ்சள் எங்களுக்கு விழுந்தது.

ஜெயிக்கிற ஜோடியும் ஜெயிக்கிற படகும் சேர்ந்தே போகும். இரண்டு வருடப் பயிற்சி. நடுவில் ஜோடியை மாற்றக் கூடாது. கல்யாணமானவர்களுக்கு ஒரே அறை.

விவாகரத்து மனுவில் நாங்கள் கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது.

பெரிய சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போடுவதற்காவது இரண்டு பேருக்கும் ஏதாவது தோன்ற வேண்டும். தேர்வு முடியும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று மட்டும் பேசிவைத்திருந்தோம். பன்னிரண்டு வயதிலிருந்து அவருக்கு இந்தப் போட்டிதான் கனவு. எப்படியும் தோற்றுவிடுவோம் என்ற தைரியத்தில்தான் நான் தலையாட்டினேன். இந்த மஞ்சள் சனியன் இப்படி ஓடும் என்று யார் கண்டது?

வலது கோடியில் குழுவின் படகு, இடது கோடியில் ஆரஞ்சு மிதவை. இரண்டுக்கும் நடுவில்தான் முடிவுக் கோடு. நாங்கள் குழுவின் படகைக் குறிவைத்து, காற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தோம்.

முன்னால் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. பலத்த காற்று வருகிறது என்று அர்த்தம்.

அது எங்களைத் தொட்டதும் ஜெயித்துவிடுவோம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீலம் பலத்த காற்றில் தடுமாறும். மஞ்சள் தடுமாறாது. இரண்டிலும் நாலு நாலு தடவை ஓட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

இரண்டு வருடம். ஒரே அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் யாருக்கும் வேண்டாத பேச்சு.

காற்று அடிக்கிற நேரத்தில், பாய் இறுகியிருக்கும்போது, மூக்கைக் காற்றிலிருந்து விலக்கினால் படகு ஒரே பக்கமாகச் சாய்ந்து கவிழும். ஒரு விரற்கடை அசைத்தால் போதும். கை மரத்துவிட்டது என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள்.

பக்கத்தில் தொங்குகிற மனிதரின் ஆசையில் மண்ணைப் போடப் போகிறேன் என்று தெரிந்தது. வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

காற்று வந்தது. திருப்பினேன்.

படகு சாயவில்லை.

மூக்கு தண்ணீரை விட்டு எழும்பியது. அடித்தட்டு படபடவென்று அடித்துக்கொள்ள, முகத்தில் உப்புத் தண்ணீர் அறைய, படகு இடப்பக்கமாகப் பாய்ந்தது. இப்படி ஒரு வேகத்தை அந்த வாரம் முழுக்க நான் பார்க்கவில்லை. நீலம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆரஞ்சு மிதவையை உரசாத குறையாகக் கோட்டைத் தாண்டினோம். குழுவின் படகில் ஊதல் ஒலித்தது.

எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. நான் திருப்பிய அதே நொடியில் பாய் தளர்ந்திருக்கிறது. தளராமல் நான் மட்டும் திருப்பியிருந்தால் கவிழ்ந்திருப்போம். திருப்பாமல் பாய் மட்டும் தளர்ந்திருந்தால் அப்படியே நின்றுபோயிருப்போம். இரண்டும் ஒன்றாக நடந்தால் படகு பறக்கும். அதைப் பழகத்தான் ஜோடிகள் வருடக்கணக்கில் மாரடிக்கிறார்கள்.

என் திருப்பலைப் பார்த்துச் சட்டென்று கயிற்றை விட்டுச் சமாளித்துவிட்டார் என்று நினைத்தேன். இனி வசவு விழும் என்று காத்திருந்தேன்.

கோச்தான் முதலில் வந்தார், மோட்டார் படகில், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு.

"அடேங்கப்பா! புருஷன் பொண்டாட்டின்னா இப்படில்ல இருக்கணும்! ஒரு வார்த்தை பேசிக்கல, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல செஞ்சீங்க பாரு!"

கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, அக்கா தங்கையைத் தேற்றப் போய்விட்டார்.

அவர் போகும்வரை என் கணவர் சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"கயிற வேணும்னுதான் விட்டேன். நாம ஜெயிச்சிடக் கூடாதுன்னு. நீ அப்பப் பார்த்துத் திருப்புவேன்னு நான் நெனச்சே பார்க்கல."

ஏழு வருடக் கல்யாணத்தில், பேசிவைக்காமல் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்தது அன்றைக்குத்தான்.

இன்னும் இரண்டு வருடம் இருந்தது.