ஆடாத படகு

“வீட்டை வித்துடலாம். இனிமே தண்ணிமேலதான் வாழ்க்கை!”

ஓய்வு பெற்ற கையோடு பழைய படகுவீடு ஒன்றை வாங்கிவிட்டு அறிவித்தார் மேனேஜர்.

மனைவி ஏறிப் பார்த்தாள். “ஆடுதுங்க. தலை சுத்துது.”

“ஆடாம பண்றது என் பொறுப்பு.”

யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காலமெல்லாம் ஆபீசையே ஆட்டிப் படைத்தவர் ஆயிற்றே!

மனைவி கேட்டபடி சமையலறையில் கருங்கல் மேடை போட்டார். ஆட்டம் குறைந்தது. குளியலறைக்கு சிமென்ட் தளம் போட்டார். இன்னும் குறைந்தது. கடைசியாக அவளுடைய இரும்பு பீரோவும் ஏறியது.

வெள்ளோட்டத்துக்கு மனைவியின் தம்பி வந்திருந்தான்.

“பார்த்தியா மாப்ளே, துளிகூட ஆடலை! ஜன்னல்ல கையை நீட்டினா தண்ணியைத் தொடலாம்!”

கயிற்றை அவிழ்த்தார்கள். இன்ஜின் அலறியது; சேறு கலங்கியது; படகு மட்டும் நகரவில்லை.

தம்பி ஒரு கழியை விட்டுப் பார்த்தான். “அத்தான், இது மிதக்கவே இல்லை. பாரம் தாங்காம சேத்துல உக்காந்துடுச்சு.”

மேனேஜர் கழியை வாங்கித் தானே குத்திப் பார்க்க, மனைவி தம்பியின் காதோரம் குனிந்தாள்.

“கருங்கல்லுலயே உக்காந்துடும்னு நினைச்சேன்டா. பீரோ வரைக்கும் இழுத்துடுச்சு. போகட்டும், வீடு தப்பிச்சுது!”