பசை காய்வதற்குள்

தகடு மறுபடியும் நழுவியது.

மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பின் திருகை அவள் அரைச் சுற்றுதான் முறுக்கினாள். ஈட்டிமரத் தகடு ஈரப் பசையின் மேல் வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் போனது. தளர்த்தினாள். நேராக்கினாள். மறுபடி முறுக்கினாள்.

இப்போது வலப்பக்கம் போனது.

பசை இறுக ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் தகட்டை நிறுத்தியாக வேண்டும்.

முன்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நாலு மணிக்குப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள்.

அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, வந்துட்டாவ. சேலை கூட மாத்தாம என்ன செய்யுத?"

"பசை போட்டுட்டேம்மா."

"போட்டா என்ன? அது எங்கயும் ஓடிப் போயிராது."

"அதுதாம்மா ஓடுது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு காப்பி ஆற்றப் போனாள்.

அவள் செய்துகொண்டிருந்த கிட்டாரின் கழுத்தும் தலையும் ஒரே மரமல்ல. இரண்டையும் சரிவாகச் சீவி அவள்தான் ஒட்டியிருந்தாள். ஆறு கம்பிகளின் இழுப்பும் வந்து இறங்குவது அந்த ஒட்டில். கிட்டார் கீழே விழுந்தால் முதலில் முறிவதும் அங்கேதான். பின்பக்கம் இந்தத் தகடு மட்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் பிறகு யார் கீழே போட்டாலும் முறியாது.

அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகமெல்லாம் முன்னறையில் இருப்பவர்கள் மேல்தான். போன வாரம் மாப்பிள்ளையின் அத்தை போனில் பேசினார். பெண் லட்சணமாக இருக்கிறாளாம். அந்த மரவேலை மட்டும் கல்யாணத்தோடு நின்றுவிட வேண்டுமாம். "நேர்ல பேசிக்கிடலாம்" என்று அம்மா மழுப்பி வைத்துவிட்டாள்.

பேசுவதற்கு ஒன்றுமில்லை. பட்டறை வேண்டாம் என்றால் பெண்ணும் இல்லை. இன்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அவர்கள் அனுப்பிய படத்தில் மாப்பிள்ளையின் சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. அதற்கு என்ன செய்ய முடியும்?

"இங்க குழாய் எங்க இருக்குங்க?"

அவனேதான். வெள்ளைச் சட்டையில், நெஞ்சு முழுக்கக் காப்பி. அம்மா அவசரத்தில் கொட்டியிருக்க வேண்டும்.

அவள் குழாயைக் காட்டவில்லை. இரண்டு கைகளும் மரத்தில் இருந்தன.

"அடுப்படியில உப்பு இருக்கும். கொஞ்சம் எடுத்துட்டு வாரீங்களா?"

"கறைக்கா?"

"இல்ல. இதுக்கு."

அவன் கிட்டே வந்து குனிந்தான். பசையைப் பார்த்தான். கோணிக்கொண்டு நின்ற தகட்டைப் பார்த்தான்.

"கல்லுப்பா, பொடியுப்பா?"

அவள் நிமிர்ந்தாள். பட்டறைக்குள் வந்தவர்கள் இதுவரை அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். பொம்பளப்பிள்ளைக்கு இது எதுக்கு என்பார்கள். கையெல்லாம் காய்த்துப் போகாதா என்பார்கள்.

"பொடி," என்றாள். "ஒரு சிட்டிகை."

ஓடினான். அடுக்களையில் அம்மா அலறுவது கேட்டது. "ஐயோ, நீங்க எதுக்குத் தம்பி!"

டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஒரு சிட்டிகைக்கு இவ்வளவா?"

"தூத்துக்குடில உப்புக்கா பஞ்சம்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க நேரமில்லை. தகட்டைத் தூக்கிப் பிடித்தாள். அவன் தூவப் போனான். பாதியை டப்பாவிலேயே திருப்பித் தட்டச் சொன்னாள். தட்டினான். மிச்சத்தைப் பசையின் மேல் பரவலாக உதிர்த்தான்.

தகட்டை வைத்தாள்.

"இங்க அழுத்துங்க. ரெண்டு பெருவிரலாலயும்."

அழுத்தினான். உப்புப் பரல்கள் மரத்தைக் கடித்துக்கொண்டன. முதல் கிளாம்ப்பை முறுக்கினாள்.

தகடு அசையவில்லை.

இரண்டாவதை எடுத்தாள்.

பட்டுச்சேலை சரசரத்தது. அத்தை வாசலில் நின்றார். காப்பிச் சட்டையைப் பார்த்தார். பசை அப்பிய விரல்களைப் பார்த்தார்.

"எலே ரூபன்! பொண்ணு பாக்க வந்தியா, கூலி வேலைக்கு வந்தியா?"

அவன் இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அத்தை அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கல்யாணத்துக்குப் பொறவு இதெல்லாம் விட்டுருவேல்லா?"

ஒரு வாரமாகத் தயாராக வைத்திருந்த பதில். வாயைத் திறந்தாள்.

"விடக் கூடாது அத்தை."

அவன்தான் சொன்னான். மரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"விட்டா நழுவிரும்."

அத்தை அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் தன் பெருவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

அவள் இரண்டாவது கிளாம்ப்பை முறுக்கினாள். மூன்றாவதையும். தகட்டின் இரு ஓரத்திலும் பசை சின்னச் சின்ன மணிகளாகப் பிதுங்கியது. எல்லாம் ஒரே அளவு. ஈரத்துணியால் துடைத்தாள். வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை. நடுவில்.

அத்தை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"சரி. எங்க பிள்ளையப் பிடிச்சிருக்கா? அதையாவது வாயத் தொறந்து சொல்லு."

அம்மா வேறொரு காப்பியோடு வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

அவள் ஈரத்துணியைக் கீழே வைத்தாள். அவன் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு கிளாம்ப்பைக் கழட்டணும். தனியா முடியாது. கூட ஒரு ஆள் வேணும்."

அம்மா சட்டென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் போனில் பேசிக்கொண்டே ஒரு கையால் கிளாம்ப்புகளைக் கழற்றிப் போடுவதை எத்தனையோ முறை பார்த்தவள்.

பிறகு வாயை மூடிக்கொண்டாள். காப்பியை அவன் பக்கத்தில், கை படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.