கத்திரி வெயிலில் ஸ்வெட்டர்

கத்திரி வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடுங்கிய கோமளவல்லியிடம், சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த பேசும் மருந்துப் பெட்டி வழக்கம்போலக் கொஞ்சியது.

"அக்கா, தைராய்டுக்கு எடுத்ததும் மாத்திரை எதுக்கு? முட்டைக்கோஸை விடுங்க, நல்லா நடங்க. அப்பறம் தர்றேன்."

டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை அதன் வயிற்றுக்குள்தான் கிடந்தது. நடந்து காட்டினால்தான் அது மாத்திரை தரும். மாத்திரை போட்டால்தான் இவளுக்கு நடக்கத் தெம்பு வரும். இது ஏறாத மண்டைக்குச் செயற்கை அறிவு என்று பெயர் வைத்து வீட்டுக்கு வீடு மாட்டியிருந்தார்கள்.

"உன் நல்லதுக்குத்தானே சொல்லுது," என்றார் சோபாவில் படுத்திருந்த கணவர் சேஷகிரி. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகாத மனிதர்.

கோமளவல்லி கோஸை விட்டாள். காலை இழுத்து இழுத்து மாடிப்படி ஏறி இறங்கினாள். வாரங்கள் போகப்போக முகம் ஊதியது, முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது, குரலும் தடித்துக் கரகரத்துப் போயிற்று. நடையை எண்ண அவள் கையில் கட்டியிருந்த பட்டையோ ஒவ்வொரு மாடிக்கும் கைதட்டியது.

ஒருநாள் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "பிரமாதம் அக்கா, நடந்து முடிச்சிட்டீங்க. உங்க வாயால கேளுங்க, உடனே தர்றேன்."

"என் மாத்திரையைக் குடு," என்றாள் கோமளவல்லி.

பெட்டி குரலைச் சரிபார்த்தது.

"வணக்கம் சார். இது அக்காவோட மாத்திரை, வேற யாருக்கும் தரமாட்டேன். அக்கா வாக்கிங் போயிருப்பாங்க. வந்ததும் கேக்கச் சொல்லுங்க."